நான் நீக்கிய எச்சரிக்கை வரி

மார்ச் 2, செவ்வாய்
கெண்ட் நகரிலிருந்து லீஸ்பெத் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளரின் கடிதம். நான் பராமரிக்கும் வைஃபை நிரலில் ஓட்டை. பக்கத்து வீட்டில் இருப்பவர் காற்று வழியாகவே நம் கணினிக்குள் நுழையலாம். பள்ளி ஆசிரியை வேலையை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன; இந்த நிரலை மட்டும் விடவில்லை. ஒன்பதாம் தேதி திருத்தம் வெளியாக வேண்டும். அதுவரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது.

மார்ச் 3
என் கணவர் ஈரோ: "என்ன ரகசியம்? வேற ஆள் கிடைச்சுட்டானா, இந்த வயசுல?"
"செவ்வாக்கிழம சொல்றேன்."
"காபியாவது கேக்கலாமா, அதுவும் ரகசியமா?"

வகுப்பாக இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: நம் கட்டடத்துச் சவுனா (நீராவிக் குளியல்) அறைக் கதவில் முறைப்பட்டியல் தொங்குகிறது. ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் தாளைக் கிழித்துவிடுகிறார். அந்த இடத்தில் ஒரு திருடன் தன் தாளை ஒட்டுகிறான். படிப்பவர் அதையே நம்பிப் படிக்கிறார். அதற்குத்தான் பூட்டு: ஒருவர் கையில் பட்டியல் இருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். என் நிரலுக்குள்ளும் இப்படி ஒரு பட்டியல் உண்டு; இணைப்பைத் துண்டிக்கும் இடத்தில் நிரல் அதைப் பூட்டாமலே கிழிக்கிறது.

மார்ச் 5
பூட்டைச் சேர்த்துவிட்டேன். நான்கே வரிகள்.

நிரலின் பழைய மாற்றப் பதிவுகளைப் புரட்டினேன். பூட்டு இல்லாமல் யாராவது பட்டியலைத் தொட்டால் திரையில் எச்சரிக்கை காட்டிக் கத்துவதற்கென்றே அங்கே ஒரு வரி இருந்திருக்கிறது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அதை நீக்கியது — நான். குறிப்பு: 'தேவையற்ற எச்சரிக்கை.' ஏன் எடுத்தேன்? தொல்லை பண்ணுச்சு, எடுத்தேன். அவ்ளோதான். எத்தனை பேர் வீட்டுக் கணினி இத்தனை நாள் திறந்து கிடந்தது!

மார்ச் 6, சனி
வைஃபை பகுதி முழுவதற்கும் பொறுப்பாளர் ஹென்ரிக். திருத்தத்தோடு, பிழை எந்த மாற்றத்தால் வந்தது என்று ஒரு வரி எழுதுவது எங்கள் வழக்கம். தொலைபேசியில் சொன்னார்:
"அந்த வரிய மழுப்பிடு ரைலி. பதினோரு வருஷக் கதைய எவன் தோண்டப் போறான்?"
"தோண்டுறதுக்குத்தானே அந்த வரியே?"
"டீச்சர் புத்தி போகுதா பாரு."
மாணவர்கள் தவறை அழிப்பானால் அழிக்க நான் விட்டதில்லை. ஒரு கோடு போதும். கீழே என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். நான் நீக்கியதை உள்ளபடியே எழுதினேன். நீக்கிய எச்சரிக்கையையும் திரும்பச் சேர்த்தேன்.

மார்ச் 7
ஈரோவின் பழைய மடிக்கணினியில் சோதித்தேன். இணைத்தேன், துண்டித்தேன்: அமைதி. மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து திறந்தால் திரை முழுக்க எச்சரிக்கை.

கணினி தூக்கத்திலிருந்து விழிக்கும் இடத்திலும் பூட்டு இல்லை. லீஸ்பெத்தும் இதைப் பார்க்கவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பும் அந்த வரி இதே இடத்துக்காகத்தான் கத்தியிருக்கிறது. அது இல்லாமல் பாதித் திருத்தத்தை அனுப்பியிருப்பேன்.

மார்ச் 8
இரண்டாவது பூட்டும் போட்டாயிற்று. நடந்ததை எழுதியதற்கு ஹென்ரிக்கின் பதில் ஒரே சொல்: "மன்னிச்சுக்கோ."

மார்ச் 9, செவ்வாய்
பத்து மணிக்குத் திருத்தம் வெளியானது. அதோடு இருந்த குறிப்பை ஈரோ படித்தார். "தப்பு பண்ணவ பேரும் ரைலி, திருத்துனவ பேரும் ரைலியா?" என்று சிரித்தார். பிறகு தன் மடிக்கணினியை மூடித் திறந்தார், மூடித் திறந்தார்.
"கத்தலையே?"
"கத்தாது."
"அப்ப அந்த வரிய எடுத்துடலாமே?"
"அது இருக்கட்டும்."