நீல மூடி ஜாடி

மார்ச் 2, திங்கள்

மகள் வந்து இறங்கியதும் அவள் பையைச் சாப்பாட்டு மேசையில் கொட்டச் சொன்னேன். லோஷன், வயிற்றுத் தழும்புக்கு ஓர் எண்ணெய், முகத்துக்குப் பகலில் ஒன்று, இரவில் ஒன்று, இன்னும் என்னென்னவோ. பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு புட்டியின் முதுகையும் படித்தேன். முன்பக்கம் பூவும் தேனும் வரைகிறவன், பின்பக்கம் மட்டும் எறும்பு எழுத்தில் எழுதுவானேன்? 'வாசனை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறான். அந்த ஒரு சொல்லுக்குள் எதையெல்லாம் அடைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? முக்கால்வாசி குப்பைக்குப் போயிற்று.

"மதர் சுப்பீரியர், பல் விளக்கப் பேஸ்டாவது மிச்சம் வைப்பீங்களா?" என்றாள், கான்வென்ட் தலைமைக் கன்னியாஸ்திரியைக் கேட்பது போல.

சிரிக்கட்டும். முப்பத்தொன்பது வயது. இரண்டு முறை உண்டாகித் தங்கவில்லை. இந்த முறை ஏழாம் மாதம் வரை வந்திருக்கிறது. படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் மாப்பிள்ளை என்னிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நான் படித்துப் பார்க்காத எதுவும் இந்த வீட்டில் அவள் மேல் படாது.

மார்ச் 5, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த நோட்டில் பொய் எழுதியதில்லை, மறைத்தாலும் பொய்தான்.

பழைய மாணவியர் கூட்டத்தில் எடுத்த போட்டோ. என் கன்னத்தில் டீ சிந்தியது போல் ஒரு கருப்பு. பக்கத்தில் குதிரைவால் — வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர்தான் — முகம் கண்ணாடி போல. "உனக்கு மட்டும் சொல்றேன்" என்று க்ரீம் வாங்கும் இடத்தைக் காதில் ஓதினாள். பார்த்தால், என் கட்டிடத்தின் கீழ்த்தளத்திலேயே இருக்கிற பார்லர்!

பார்லர்காரி சின்னப் பெண். வெள்ளை டப்பாவில் கொடுத்தாள். லேபிள் இல்லை, பெயர் இல்லை. மூடியில் ஒரு சிரித்த முகம் மட்டும்.

"கெமிக்கலே கிடையாது மேடம். முத்துப் பொடி, மூலிகை. நம்ம ரெகுலர் கஸ்டமருக்கு மட்டும்தான் குடுக்கறது. போடும்போது மோதிரம், வளையல் மட்டும் கழட்டிடுங்க. தங்கத்துக்கு ஆகாது."

நான் ஒன்றும் கேட்கவில்லை. நான்!

வேலைக்காரி பார்த்தால் கட்டிடம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே அதை என் நீல மூடி ஜாடியில் மாற்றி வைத்தேன். தோல் வறளாமல் இருக்க நாற்பது வருடமாக நான் பூசும் கோல்டு க்ரீம் ஜாடி. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு மாதமாயிற்று. கருப்பு மங்கிவிட்டது, அது உண்மை. எழுபத்திரண்டு வயதில் இது என்ன ஆசை? வெட்கமாக இருக்கிறது. நிறுத்தவும் மனம் இல்லை.

மார்ச் 11, புதன்

மேலே எழுதியதைப் பார்க்கிறேன். இது என் கையெழுத்தா? கான்வென்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். கோடு மேல் நிற்க வேண்டிய எழுத்துகள் கோட்டை மிதித்துக்கொண்டு நிற்கின்றன.

மார்ச் 12, வியாழன்

வாயில் சாவியைச் சப்பியது போல ஒரு ருசி. எதைக் குடித்தாலும் போகவில்லை.

மார்ச் 18, புதன்

கோப்பையைப் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை, நிரப்பினால் தளும்புகிறது. மகள் கவனித்துவிட்டாள்.

"என்னம்மா, டீக்கு ரேஷனா?"

"இந்த வயசுல பாதி போதும்" என்றேன்.

என் வீட்டுக்காரருடைய அண்ணாவுக்கு நடுக்க நோய் வந்ததைப் பார்த்திருக்கிறேன். முதலில் கோப்பை. அப்புறம் பொத்தான். அப்புறம் ஒருவர் வாயைத் துடைத்துவிட வேண்டும். அது எனக்கும் வந்துவிட்டதா? இப்போதா? இந்தக் கையில் யார் குழந்தையைக் கொடுப்பார்கள்? தூக்கமும் இல்லை. அவளிடம் சொல்லமாட்டேன். பிரசவம் முடியட்டும்.

மார்ச் 24, செவ்வாய்

கை நிற்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் கூப்பிட்டாள். "அம்மா, உன் அருமை மாப்பிள்ளை என்னை நல்லா ஏமாத்தியிருக்கார். பித்தளைக்கு முலாம் பூசிப் போட்டுவிட்டிருக்கார், பாரு." கையை விரித்தாள். கல்யாண மோதிரம். உள்ளங்கைப் பக்கம் தகரம் போல வெளுத்திருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே இருக்கும்போது பள்ளிக்கூட லேப் கண் முன்னால் வந்தது. உடைந்த தெர்மாமீட்டர். மேசையில் உருண்டு ஓடிய பாதரசத்தை கெமிஸ்ட்ரி சிஸ்டர் விரலால் ஒதுக்கினார். அவருடைய தங்க மோதிரம் எங்கள் கண்ணெதிரே வெளுத்தது. "தங்கத்தைக் கண்டால் விடாது. நம் உடம்புக்குள் போனாலும் லேசில் விடாது" என்றார். பரீட்சையில் இதை எழுதி முழு மார்க் வாங்கினேன்.

"கைல என்ன போட்டே?" என்றேன்.

"என்னத்தைப் போட? நீதான் எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சுட்டியே. வயிறு அரிக்குது. ராத்திரியில உன் நீல மூடி க்ரீம்தான் தடவிக்கறேன். இந்த வீட்ல உன் பரீட்சைல பாஸான ஒரே க்ரீம் அதுதானே."

வயிற்றில். மூன்று வாரமாக. வயிற்றில்.

மார்ச் 25, புதன்

சொல்லவில்லை. அவள் குளிக்கப் போனபோது ஜாடியை எடுத்துப் புடவைகளுக்கு அடியில் ஒளித்தேன். கடையில் நிஜமான கோல்டு க்ரீம் வாங்கி அதன் இடத்தில் வைத்தேன். "புது ஜாடியா?" என்றாள். "பழசு தீர்ந்துபோச்சு" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது.

ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான். கழுவினா போயிடுமா? உள்ள போனது போனதுதானே. உதைக்குதான்னு அவகிட்ட கேக்கவும் பயமா இருக்கு. ஏன் கேக்கறேன்னு கேட்டுட்டா?

கீழே பார்லருக்குப் போனேன்.

"இதுல என்ன இருக்கு? யார்கிட்ட வாங்கறே?"

"மொத்தமா ஒருத்தர் கொண்டுவந்து தர்றார் மேடம். வெளிநாட்டுச் சரக்கு."

"முத்துப் பொடின்னு சொன்னியே?"

"அவர் அப்படித்தான் சொன்னார்... கெட்டதுன்னா நான் போடுவேனா? தினமும் நானே போடறேன், பாருங்க" என்று கையை நீட்டினாள்.

அந்தக் கை நடுங்கியது. இருபத்தைந்து வயது இருக்குமா? நடுக்க நோய் வருகிற வயதா அது? அவள் என் கையைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன்.

மார்ச் 26, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அவள் படுத்திருந்தாள். "அம்மா, ஓடி வா, உள்ளே ஃபுட்பால் மேட்ச் நடக்குது" என்று என் கையைப் பிடித்து வயிற்றில் வைக்கப் பார்த்தாள். வைக்க முடியவில்லை. நின்றபடியே சொன்னேன், வகுப்பில் எழுப்பி நிறுத்தியது போல. ஜாடியைக் கட்டில் பக்கத்தில் வைத்தேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஜாடியைப் பார்த்தாள்.

"என் சாமானெல்லாம் குப்பைல போட்டியேம்மா."

அவ்வளவுதான். பிறகு அவளே டாக்டருக்குப் போன் செய்தாள். டாக்ஸியில் இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஸ்கேனில் நெஞ்சு துடிக்கிறது. குதிரை ஓடுவது போன்ற சத்தம். ரத்தம், சிறுநீர் எடுத்துக்கொண்டார்கள், எனக்கும் அவளுக்கும். ஜாடியையும் பையில் போட்டுக் கட்டி வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

தலையணை உறை, துண்டு, நான் முகம் துடைத்த எல்லாவற்றையும் கட்டி அப்புறப்படுத்தினேன். டாக்டர் சொன்னபடி. போன் அடிக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரியோ என்று ஓடி எடுக்கிறேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

பாதரசம்தான். என் உடம்பில் ஏராளம், மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். நடுக்கம் பெரும்பாலும் குறையும் என்றார்கள். நோய் இல்லை, விஷம். இதைக் கேட்டு சந்தோஷப்பட வேண்டியவள் நான். படவில்லை.

அவள் உடம்பில் எல்லைக்குக் கொஞ்சம் மேலே.

"கொஞ்சம்னா?" என்று கேட்டேன்.

"இனிமே படாம இருந்தா இறங்கிடும்மா. குழந்தை நல்லா வளர்ந்திருக்கு. ஆனா மூளை, நரம்பு விஷயம் பொறந்தப்புறம்தான் தெரியும். கவனிச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார் டாக்டர்.

கவனிச்சுக்கிட்டே. எதுவரை என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

மாப்பிள்ளை வந்து அழைத்துப் போய்விட்டார். வாசலில், "போய்ச் சேர்ந்ததும் பேசறேம்மா" என்றாள். பேசவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

பார்லர்காரியை இழுத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அழுதாள். "கஸ்டமருக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்வேன் மேடம்?" "நடந்ததைச் சொல்லு" என்றேன். சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாதா? குதிரைவாலுக்கு நானே போன் செய்தேன். "உனக்குப் பொறாமை" என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் அவளே திரும்பக் கூப்பிட்டு, எந்த டாக்டர் என்று கேட்டாள்.

மே 10, ஞாயிறு

மாப்பிள்ளைதான் போனில் சேதி சொல்கிறார். அவள் தூங்குகிறாளாம். எப்போது கூப்பிட்டாலும் தூங்குகிறாள்.

கன்னத்துக் கருப்பு திரும்பி வந்துவிட்டது, முன்னைவிட அழுத்தமாக. காலையில் கண்ணாடியில் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். இருக்கட்டும்.

ஜூன் 6, சனி

பெண் குழந்தை. உரக்க அழுததாம்.

"சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறாளா?" என்றேன்.

"பொறந்து மூணு மணி நேரம்தான் ஆச்சு அத்தை" என்று சிரித்தார் மாப்பிள்ளை. "அவள் கூப்பிட்டாளா என்னை?" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

போட்டோ கூட வரவில்லை. நான் கேட்கவும் மாட்டேன்.

ஜூலை 4, சனி

மத்தியானம் போன் சிணுங்கியது. மகளிடமிருந்து ஒரு போட்டோ. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிப் பார்த்தேன் — குழந்தை இல்லை. ஒரு புட்டியின் முதுகு. குழந்தைக்கான லோஷனாம். எறும்பு எழுத்து. புட்டியைப் பிடித்திருந்த அவள் விரலில் மோதிரம் இல்லை. படத்தின் ஓரத்தில், வெட்டுப்பட்டு, ஒரு சின்னப் பாதம்.

கீழே ஒரே வரி: "படிச்சுச் சொல்லும்மா."

வெகு நேரம் அந்தப் பாதத்தையே பார்த்தேன். ஐந்து விரலும் விரிந்திருந்தன. அடுத்த மாதம் மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும், அதற்கடுத்த மாதமும். அந்தப் பயம் என்னை விட்டுப் போகாது.

விரலால் படத்தைப் பெரிதாக்கப் பார்த்தேன். விரல் ஆடி, படம் எங்கோ ஓடியது. ஆகவே போனை மேசையில் படுக்க வைத்தேன். முழங்கையை ஊன்றிக்கொண்டு, பூதக்கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

முதல் சொல்: தண்ணீர்.