பச்சைக் கோட்டை மீட்கப் போகிறேன்

சோல்வெய்க்,

நவம்பர் மெல்ல இறங்கி வருகிறது. ஏரியில் எழுந்த மூடுபனி தெருவரை படர்ந்து, வீடுகளையெல்லாம் பாதித் துயிலில் ஆழ்த்தியிருக்கிறது. நீயும் துயில்கிறாய், எழுப்ப மனம் வரவில்லை.

மறைந்த உன் அப்பாவின் பச்சைக் கம்பளிக் கோட்டைப் பொத்தான் தைக்கவே நீ பையில் வைத்திருந்தாய். நானோ தேவாலயத்துப் பழந்துணிக் கடைக்கான பை என்று எண்ணிக் கொடுத்துவிட்டேன். "பழசுன்னாலே தூக்கிக் குடுத்துடுவியா? அப்ப என்னையும் ஒரு பையில போட்டுக் குடுத்துடு!" என்றாய் நேற்று. சிரிக்க வாய் திறந்தேன், உன் கண்கள் கலங்கியதைக் கண்டதும் நேரே அந்தக் கடைக்குப் போனேன்.

அதைக் கவனிக்கும் பெர்னிஸிடம் கேட்டேன். "கோட்டு இங்கதான் எங்கயோ கிடக்கு. ஆனா நாளைக்குப் பை நிறைய அள்ளிக்கிட்டா ஒரே விலை. கதவு திறந்ததும் கூட்டம் பாயும், வெள்ளனவே வந்துடுப்பா," என்றாள். ஆகவே இன்று வரிசையில் முதல் ஆளாக நிற்கப் போகிறேன்.

அடுப்பின்மேல் பட்டாணி சூப் இருக்கிறது.

பி.கு.: உன் கைப்பேசி பழுதாகவில்லை. சார்ஜ் துளையில் அடைந்திருந்த தூசியைப் பல்குச்சியால் எடுத்துவிட்டேன், புதிது வேண்டாம்.

இன்னொன்று: வெறுங்கையோடு திரும்பினாலும் கதவைத் திறந்துவிடு.

உன் அப்பாவின் படத்தருகே மெழுகுத்திரி ஏற்றி மண்டியிட்டேன். "ஆண்டவரே, அக்கோட்டு வேறொருவர் தோளில் ஏறிவிட்டால், அவர் குளிரையேனும் அது போக்கட்டும்," என்று வேண்டினேன்.

உன் விழிப்பு இனிதாகுக, சமாதானம் உன்னோடிருப்பதாக.

ஆர்விட்