பாலம் தாண்டிய கை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மூன்று பேருக்கு டிரைவிங் வகுப்பு. பல் டாக்டர் இன்றும் கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் கண்ணாடி வைத்துப் பார்க்கிற மனுஷர், பின்னால் வருகிற லாரியைப் பார்க்க மாட்டேன் என்கிறார். அதை அவரிடமே சொன்னேன். சிரித்தார். திருந்துவாரா, தெரியாது.

மகள் போன் செய்தாள். அந்தப் பழைய சண்டைப் படம் ப்ளூ-ரே டிஸ்க்காக வந்திருக்கிறதாம். மூலச் சுருளையே சுத்தம் செய்து, புதுசு போல ஆக்கியிருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுக் காட்டுகிறேன் என்றாள். சரி என்றேன்.

வேறென்ன சொல்ல?

மார்ச் 6, வியாழன்

முப்பத்து நாலு வருஷமாக வீட்டில் இவருக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். “அப்போ உன்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்” என்றார். அத்தோடு சரி, யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

எழுதியே பார்க்கிறேன். அந்தப் படத்தில் நான் நாயகிக்கு டூப். நாயகனுக்கு டூப் பருந்து — அப்போது அவருக்கு அந்தப் பெயர் கிடையாது. உடைந்த பாலத்தை மோட்டார் சைக்கிளில் தாண்டும் காட்சிக்கு முதல் நாள், ஒத்திகையில் விழுந்து அவருடைய தோள்பட்டை விலகிவிட்டது. பாலத்துக்கு ஒரே ஒரு நாள்தான் அனுமதி. சண்டை மாஸ்டர் என்னை உயரம் பார்த்தார், தோளைப் பார்த்தார். “தாண்டுவியா?” என்றார். தாண்டினேன். எனக்கு இருபத்து மூன்று வயது.

படத்தின் முதலாளியிடம் கேட்காமல் ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றினது தெரிந்தால் மாஸ்டரின் பிழைப்பு போய்விடும். அதனால் தாண்டியது பருந்துதான் என்று ஆனது. ‘பருந்து’ என்ற பட்டம் அந்தத் தாவலில் வந்தது. முப்பத்து நாலு வருஷம் அந்த ஆள் அதை மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாஸ்டர் சாவுக்குப் போனபோது எதிரெதிரே நின்றோம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மகள் சின்னவளாக இருந்தபோது தேய்ந்த கேசட்டில் அதையே திரும்பத் திரும்பப் போடுவாள். பாலம் வந்ததும் “பருந்து! பருந்து!” என்று கை தட்டுவாள். நானும் சேர்ந்து தட்டுவேன்.

மார்ச் 9, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது?

மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தோம். இவர் வழக்கம்போல் முதல் சண்டையிலேயே தூங்கிவிட்டார். நான் கண் கொட்டவில்லை. கேசட்டில் பார்த்தபோது எல்லாம் பழுப்புக் கஞ்சி மாதிரி இருக்கும். இன்றைக்கு — கயிற்றின் ஒவ்வொரு புரியும் தெரிகிறது. ஓடுகிறவன் காலடியில் தெறிக்கிற ஒவ்வொரு பொடிக்கல்லும் தெரிகிறது. ஆற்றுக்கு அன்றைக்கு இப்படி ஒரு பச்சை நிறம் இருந்ததா? அங்கேயே நின்ற எனக்கு ஞாபகமில்லை. சுருளுக்கு ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷம் டப்பாவுக்குள் கிடந்து அது ஒன்றையும் மறக்கவில்லை.

பாலம் வந்தது. வண்டி கிளம்பியது. காற்றில் அந்த உருவம் — அம்மாடி, எவ்வளவு உயரம்! இவ்வளவு உயரமா போனேன்? கீழே பாறை. பாறை இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. யாருமே சொல்லல.

மகள் ரிமோட்டை அழுத்தினாள். படம் நடு ஆகாயத்தில் நின்றது.

நாயகன் கையுறை போடாதவன், அதனால் எனக்கும் இல்லை. காற்றில் சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. இடது மணிக்கட்டுக்கு மேலே பிறை மாதிரி ஒரு தழும்பு. பதினாலு வயதில் இஸ்திரிப் பெட்டி சுட்டது. குழந்தையாக இருந்தபோது மகள் அதை விரலால் தடவிக்கொண்டே தூங்குவாள்.

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“அம்மா, கையக் காட்டு.”

காட்டினேன். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அழுதாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். மாஸ்டருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன் என்றேன். சொல்லும்போதே அது பாதி உண்மைதான் என்று பட்டது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்ற பயம்தான் மீதிப் பாதி.

இன்னொன்று. திரையின் வலது ஓரத்தில், கரையில், கேசட்டில் ஒரு புதர் இருக்கும். புதர் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அது மாஸ்டர். குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். தோள் துண்டை வாயில் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு. புலி மாதிரி எல்லோரையும் மிரட்டுகிற மனுஷர். என்னை ஏற்றிவிட்டு அவரால் பார்க்க முடியவில்லை.

மார்ச் 10

வகுப்பு ரத்து. மூன்று தடவை பார்த்தேன்.

மார்ச் 12, புதன்

அந்த டிஸ்க்கில் பேட்டிகளும் இருக்கின்றன. மகள் போனில், “உடனே பாரும்மா, நான் எதுவும் சொல்ல மாட்டேன்” என்றாள்.

பருந்து வந்தார். தலை முழுக்க நரை, ஒரு தோள் தாழ்ந்திருக்கிறது. பாலத்தைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னார்:

“அத நான் தாண்டல. தாண்டினது ஒரு பொண்ணு. மாஸ்டர் இருந்தவரைக்கும் வாயத் திறக்க முடியல. போனப்புறம் தைரியம் இல்ல. அவங்க சம்மதிச்சா பேரச் சொல்றேன்.”

டிவியை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. கோபப்பட்டே பழகின நெஞ்சு, இப்போ எங்க போய் நிக்கும்?

மார்ச் 13

பருந்துக்குப் போன் பண்ண மாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

போனேன். இவரும் கூட வந்தார். மாடிக் குடியிருப்பு, லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்ததும் பருந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மன்னிப்பு கேட்பார் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அவர் கேட்டது வேறு.

“அன்னைக்குப் பயந்தியாம்மா?”

இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. இவர்கூட.

“தாண்டுறப்போ இல்லண்ணே. தரை தொட்டப்புறம் வண்டிய விட்டு எறங்க முடியல. கால் என்னோடதாவே இல்ல.”

தலையாட்டினார். கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றாராம். நானாக இருந்தால் அவ்வளவு வேகம் கொடுத்திருக்க மாட்டேன், பாறையில் விழுந்திருப்பேன் என்றார். “நீ எனக்குப் பட்டத்தை மட்டும் குடுக்கலம்மா, உசுரையும் குடுத்த.”

பாறை இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்திருந்தால்? போயிருப்பேனா? போயிருப்பேன் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

பேரைச் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லுங்க என்றேன். காப்பி ஆறிப்போயிருந்தது, நாலு பேரும் அப்படியே குடித்தோம்.

ஏப்ரல் 7, திங்கள்

புது மாணவர். வயது அறுபத்தாறு. தோள் போனபின் மோட்டார் சைக்கிளை விட்டவர், கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லையாம். ஊரெல்லாம் பருந்து என்கிறது, ஆளோ கடைத்தெருவில் நத்தை வேகத்தில் போகிறார். ஸ்டியரிங்கை உடும்பு மாதிரி பிடிக்கிறார்.

சிக்னலில் நின்றோம். பக்கத்து ஆட்டோக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, பருந்து சாரா, அந்தப் பாலம் தாண்டினவர்தானே என்று கேட்டார்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து என் பக்கம் காட்டினார். “இவங்கதான் தாண்டினாங்க.”

ஆட்டோக்காரர் என்னையே பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“பச்சை விழுந்திருச்சுண்ணே, கிளம்புங்க” என்றேன்.