நாற்பத்திரண்டு சொட்டு

மார்ச் 4

இன்றைக்கும் முக்கோணம். ஏழு வருடமாக டியூஷன் சென்டரில் நான் நடத்துவது அதே முக்கோணம். அதற்கு மூன்று பக்கம் இருப்பது எனக்கே அலுத்துவிட்டது. மத்தியானம் நர்சிங் கல்லூரியில் விசாரித்தேன். இரண்டு வழி இருக்கிறதாம். ஏற்கெனவே டிகிரி வாங்கியவர்களுக்கு இரண்டே வருடம், ஓட்டமாக ஓட வேண்டும். இல்லையென்றால் பள்ளி முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து நாலு வருடம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டுதான்.

மார்ச் 5

அப்பாவிடம் சொன்னேன். "கணக்குல டிகிரி வாங்கிட்டு ஊசி போடப் போறியா? அப்ப அந்த மூணு வருஷம் தண்டமா?"

அம்மா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த பதினொரு நாளும் கூட இருந்தது நான்தான். அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் அந்த வார்டை விட்டு வர மனசில்லை. இதை எப்படி அப்பாவிடம் சொல்வது? "ரெண்டே வருஷம்பா" என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் இறங்கி வந்தார்.

மார்ச் 18

விண்ணப்பிக்க, நாற்பது மணி நேரம் வார்டில் உதவியாக இருந்த சான்று வேண்டும். இன்று முதல் நாள். ஒரு பெரியவர் என்னை "சிஸ்டர்" என்று கூப்பிட்டார். என் மீசையைப் பார்த்த பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை.

மார்ச் 22

பதினாறு கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன். இடுப்பு விட்டுப் போச்சு.

மார்ச் 27

வார்டு நர்ஸ் ஒரு தையற்கார அம்மாவின் டிரிப்ஸைக் காட்டி, "நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு விழுதுன்னு எண்ணிச் சொல்லுங்க" என்றார். ஐந்நூறு மில்லி, நாலு மணி நேரம், மில்லிக்கு இருபது சொட்டு — நாற்பத்திரண்டு விழ வேண்டும். மனக்கணக்கிலேயே வந்துவிட்டது, ஒரே பெருமை. ஆனால் விழுந்தது இருபத்தாறு. எண்ணியதுதான் தப்போ என்று மறுபடி எண்ணினேன்.

"தம்பி, கை கனக்குது."

"கொஞ்சம் இருங்கம்மா, எண்ணிட்டிருக்கேன்."

மறுபடி சொன்னார். நானும் மறுபடி அதையே சொன்னேன்.

நர்ஸ் வந்து போர்வையை விலக்கினார். ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்தெல்லாம் தோலுக்கடியில் இறங்கி, முழங்கை வரை வீங்கியிருந்தது. அவர் திட்டவில்லை. ஊசியை எடுத்துவிட்டு, கையைத் தலையணை மேல் தூக்கி வைத்தார்.

தையல் வேலை பாக்குற கை. ரெண்டு தடவை சொன்னாங்களே — காது எங்கடா போச்சு உனக்கு?

மார்ச் 28

போகவில்லை.

மார்ச் 30

போனேன். வீக்கம் வடிந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா கேட்டார்: "எண்ணி முடிச்சீங்களா தம்பி?"

ஏப்ரல் 9

சான்று கிடைத்துவிட்டது. இரண்டு வருடப் படிப்பில் வார்டுக்கு விடுவது கடைசி ஆறு மாதம்தானாம். நாலு வருடத்தில் முதல் வருடத்திலிருந்தே. கணக்கு எனக்குச் சீக்கிரம் வரும். மனுஷங்கதான் வரமாட்டேங்கிறாங்க. நாலு வருடப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தேன்.

"ரெண்டுல முடியிறத நாலுல முடிக்கிறவன இப்பதான்டா பாக்குறேன்" என்றார் அப்பா.

ஆகஸ்ட் 2

"அங்கிள், இந்த சீட்டுக்கு ஆள் இருக்கா?" — என் வகுப்புத் தோழி. வயது பதினெட்டு.

அக்டோபர் 15

அப்பா போனில் யாரிடமோ: "நர்சுக்குப் படிக்கிறான். நாலு வருஷம். முழுப் படிப்பு." அந்த 'முழு'வில் ஓர் அழுத்தம் இருந்தது.

நவம்பர் 21

வார்டு. டிரிப்ஸ் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்றாவது சொட்டில், கட்டிலில் இருந்தவர் "சிஸ்டர்" என்றார். வாட்ச்சை இறக்கிவிட்டு முதலில் அவர் கையைப் பார்த்தேன். கை நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் வேண்டுமாம். கொடுத்தேன், மெதுவாகத்தான் குடித்தார்.

அப்புறம் ஒன்றிலிருந்து எண்ணினேன்.