வயிற்றில் ஒரு லீக்

பிப். 3, செவ்வாய்

காலையில் பனிமூட்டம். எதிர்க் கட்டிடத்து ஏசி பெட்டிகள்கூடத் தெரியவில்லை.

குடல்வால் ஆபரேஷனுக்குப் பிறகு விழுந்த ஓட்டை இன்னும் மூடவில்லை. குடலிலிருந்து தோல்வரை சின்னதாக ஒரு வழி, அதில் ஓயாத கசிவு. பை ஒட்டினால் கழன்றுகொள்கிறது. வாய் வழியே பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. ‘ஷார்ஜா பூரா ஏசி லீக் அடைச்சவனுக்கு வயித்துல லீக்கா’ என்று ரோலா ஏரியாவில் என்னோடு ஒரே ரூமில் தங்கும் முருகேசன் கிண்டல். சிரிக்கவும் முடியல, அடிக்கவும் முடியல.

இன்றைக்கு சிரியாக்கார டாக்டர் புதுசாக ஒன்று சொன்னார். பசை! மனித ரத்தத்துப் புரதத்தில் செய்தது. அடிபட்டால் ரத்தம் உறையுமே, அதே வித்தை. ஓட்டையை அது அடைத்துக்கொள்ளும், உடம்பு மெல்ல அதைக் கரைத்துவிட்டு அங்கே சதை வளர்த்துக்கொள்ளும். சிலருக்கு ஒட்டாதாம். ஒட்டாவிட்டால் மறுபடி வயிற்றைக் கிழிக்கணும்.

ஊரில் மனைவி சுகந்திக்கு போன் பண்ணினேன். ‘சைக்கிள் டியூபுக்கு ஒட்டுற பசையாங்க?’ என்று அழுகையோடு கேட்டாள். அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு அவளுக்கு வேறென்ன தோன்றும்.

பிப். 5, வியாழன்

போட்டாச்சு! பாதி மயக்கத்தில் திரையில் பார்த்தேன். முதலில் டாக்டர் ஓட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். நம்ம முறையேதான். பிறகு இரட்டை ஊசி. இரண்டு மருந்தும் நுனியில் சேர்ந்ததும் கெட்டி. பைப் ஓட்டைக்கு நாம போடும் எப்பாக்ஸி பசை மாதிரி. எழுந்து கைதட்டலாம் போல இருந்தது.

செய்யக்கூடாதவை: முக்குவது. தூக்குவது. தலையணையை வயிற்றில் அழுத்தாமல் இருமுவது.

சாயங்காலம்வரை கட்டு காய்ந்தே இருந்தது. சந்தோஷம் தாங்கல.

பிப். 6, வெள்ளி

லீவு நாள், முருகேசன் வந்தான். சட்டையெல்லாம் பிரியாணி வாசம், பாவி.

‘டெஸ்ட் பண்ணாம எப்படிடா நம்புற? கேஸ் ஏத்தி மீட்டர் முள்ளு இறங்குதான்னு பாக்காம நீ எந்த மிஷினையாவது விட்டிருக்கியா?’

சும்மா சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கு மண்டைக்குள் அதே ஓட்டம். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, வயிற்றுக்குள் பிரஷர் ஏற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் வயிற்றுக் கட்டுத் துணியில் ஈரம்.

கெடுத்துட்டேன். நானே கெடுத்துட்டேன்.

பிப். 7, சனி

ஜான்சி சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். கோட்டயத்துக்காரி, தமிழும் மலையாளமுமாக விழுந்தது திட்டு. ‘அய்யோ சேட்டா, இது வயிறு, கம்ப்ரஸர் இல்லா!’

டாக்டர் வந்து முகர்ந்துகூடப் பார்த்தார். மஞ்சள் நீர், தோல் புண்ணில் ஊறியதாக இருக்கலாம், குடலிலிருந்தும் இருக்கலாம். வியாழக்கிழமை நீலச் சாயம் கரைத்த தண்ணீர் குடிக்கக் கொடுத்துப் பார்ப்பார்களாம். கட்டுத் துணியில் நீலம் தெரிந்தால் லீக்.

இதைச் சுகந்தியிடம் சொல்லவில்லை. முருகேசன் போன் பண்ணினான், எடுக்கவில்லை.

பிப். 10, செவ்வாய்

தூறல். கட்டு காய்ந்திருக்கிறது. ஆனால் வயிறு காலி, கசிய உள்ளே என்ன இருக்கு? பக்கத்து பெட் பாய் டீயில் ரஸ்க் முக்கித் தின்கிறார். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பிப். 12, வியாழன்

நீலத் தண்ணீர் வந்தது. மை கரைத்த மாதிரி ஒரு டம்ளர். எத்தனையோ நாளைக்குப் பிறகு தொண்டையில் இறங்குகிற முதல் தண்ணீர், என்ன ருசி! நாக்கு, பல்லெல்லாம் நீலம்.

அப்புறம் காத்திருப்பு. இருமல் வந்தது, தலையணையை அழுத்திக்கொண்டேன். கட்டைப் பார்க்கவே இல்லை. சுவரைத்தான் பார்த்தேன்.

மதியம் டாக்டர் வந்தார். சிஸ்டர் கட்டை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் பத்திரமாக இருக்கணும் என்றார் டாக்டர். அப்புறம் என் தோளைத் தட்டி, ‘மாஃபி லீக்!’ என்று பாதி அரபியில் சொன்னார். லீக் இல்லை!

அழுதேன். வெட்கமே இல்லாமல்.

சிஸ்டர் துணியைக் குப்பையில் போடப் போனார். ‘குடுங்க, குடுங்க’ என்று வாங்கி, போட்டோ எடுத்துச் சுகந்திக்கு அனுப்பினேன். உடனே போன்.

‘என்னங்க வெறும் துணிய அனுப்பிருக்கீங்க? இதுல ஒண்ணுமே இல்லியே?’

‘ஆமாடி. ஒண்ணுமே இல்ல!’