ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கட்டம்

டிசம்பர் 2, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ஷூ காயவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் எட்டு நாள். வேதியியல் தொடவே இல்லை.

பள்ளி விட்டு வந்தபோது பார்சல்கள் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தன. பதினோரு பெட்டி முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி; அம்மா பயறும் கருப்பட்டியும் சேர்த்துச் செய்வது. ஈரம் ஏறாமலிருக்க அம்மா தன் மழைக்கோட்டை அவற்றுக்குப் போர்த்தியிருந்தாள். கூரியர் எடுக்கும் செல்வின் அண்ணன் நேற்றும் வரவில்லை, இன்றும் இல்லை.

கொத்து விற்கும் எங்கள் இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். சிவப்பு எழுத்தில்: “இந்த முகவரியிலிருந்து பொருள் பெறும் வசதி நிறுத்தப்பட்டுள்ளது.” யார் நிறுத்தியது? ஏன்? ஒன்றும் இல்லை.

அம்மா பதினாறு வருடம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவள். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டுக் கை கறுத்து, தோல் உரிந்து, எனக்குத் தலை பின்னும்போது முடியில் சிக்கும். ஜூனில்தான் வேலையை விட்டாள். மாமா மகன் அஜின் அத்தான் பெங்களூரிலிருந்து தளம் செய்து கொடுத்தான். கோயம்புத்தூர், சென்னை, புனேயிலிருந்தெல்லாம் கேட்கிறார்கள். இப்போதுதான் கை வெளுத்து வருகிறது.

மாலையில் அண்டி ஆபீஸ் சூப்பர்வைசர் ஃபோன். திங்கட்கிழமை முதல் ஓர் இடம் காலி, வருவதானால் சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். இவருக்கு யார் சொன்னார்கள், இன்றைக்குப் பார்த்து?

“சொல்லுதேன் சார்” என்றாள் அம்மா. மாட்டேன் என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

டிசம்பர் 3, புதன்

மழை விட்டு விட்டு. மின்சாரம் இரண்டு மணி நேரம் இல்லை.

கூரியர் நிறுவனத்தின் உதவி எண். ஒன்றை அழுத்தவும். மூன்றை அழுத்தவும். பிறகு பாட்டு. இருபத்தாறு நிமிடம். எழுத்தில் கேட்டுப் பார்த்தேன். பதில்: “உங்கள் கேள்வி எனக்குப் புரியவில்லை. வேறு விதமாகக் கேளுங்கள்.” ஐந்து விதமாகக் கேட்டேன். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக வைத்து.

அத்தானிடம் பேசினேன். அவன் செய்த தளத்தில் அவனுடையது என்று ஏறக்குறைய எதுவும் இல்லையாம். பணம் வாங்குவது ஒரு நிறுவனம், கூரியர் இன்னொன்று, வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புவது மூன்றாவது. தளம் ஒவ்வொன்றிடமும் தானே கேட்கும், அவை தாமே பதில் சொல்லும். அப்படிக் கேட்பதற்கு இருக்கும் வழிக்குத்தான் ஏ.பி.ஐ. என்று பெயர். எங்கள் பள்ளி அலுவலகச் சன்னல் மாதிரி என்று புரிந்துகொண்டேன். உள்ளே போக முடியாது. அவர்கள் கேட்கும் படிவத்தில் எழுதி நீட்டினால் அவர்கள் தரும் சீட்டு வெளியே வரும்.

“இப்பம் எல்லாக் கடையும் அப்பிடித்தான் ஓடுது. இது இல்லேன்னா அத்தைக்க கொத்து புனேக்குப் போயிருக்குமாட்டீ?” என்றான்.

போயிருக்காது. அது உண்மை, எழுதி வைக்கிறேன். ஆனால் சன்னலுக்குப் பின்னால் ஒரு கிளார்க் முகமாவது தெரியும். அவர் சிடுசிடுத்தாலும் காரணம் சொல்வார்.

கேட்க வேண்டியவை:
– நிறுத்தும் முன் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை
– முடிவெடுத்தவர் பெயர்
– புகார் எழுத ஒரு முகவரி

எங்கே அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

வெயில். துணியெல்லாம் வெளியே.

செல்வின் அண்ணன் பக்கத்து வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுக்க வந்தார். பைக்கின் முன்னால் போய் நின்றுகொண்டேன். எங்கள் வீட்டில் ஏன் எடுப்பதில்லை?

“உங்க வீட்டை எனக்க ஃபோன் இப்பம் காட்டவே இல்ல மக்களே.”

பிறகு மெதுவாகச் சொன்னார். நவம்பரிலிருந்து நிறுவனம் ஞாயிறும் வேலை வைத்துவிட்டது. அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை வரும் ஆர்டரைத் தளம் கூரியரிடம் சொல்ல, ஞாயிறு காலை எடுக்கும்படி அவர் ஃபோனில் வந்திருக்கிறது. மூன்று ஞாயிறு. மூன்று முறையும் “வீடு பூட்டியிருந்தது” என்று அழுத்தியவர் இவர்தான். முதல் இரண்டு முறையும் திங்களன்று வந்து எடுத்துவிட்டதால் எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று முறை அப்படி வந்தால் முகவரியைத் தானாகவே நீக்கிவிடுமாம்.

“அன்னைக்கு நீங்க எங்க வீட்டுக்கே வரலியே?”

“எதுக்கு வரணும்? நீங்க எல்லாரும் ஆராதனையில. நானும் அங்கதான இருந்தேன், உங்க அம்மைக்கு மூணு பெஞ்சு பொறத்தால. பிரசங்கத்துக்கு முன்ன அமுக்கிட்டேன்.”

“முடிஞ்சபிறகு வந்து கேட்டிருக்கலாம்.”

“ஞாயித்துக்கிழமை உங்க அம்மை யாவாரம் செய்வாளா? கேட்டா எனக்குத்தான் பிரசங்கம் கிட்டும்.”

ஃபோனைக் காட்டினார். நான்கு கட்டங்கள்: பொருள் தயாரில்லை, முகவரி தவறு, தர மறுத்தார், வீடு பூட்டியிருந்தது. ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த வீடு வரும். “ஆளுங்க சர்ச்சில இருக்காவன்னு ஒரு கட்டம் இல்ல. உள்ளதுல உங்களுக்குக் கொறச்சல் இல்லாதது இதுதான்னு நெனச்சேன்.”

அவரைத் திட்டத்தான் போனேன். முடியவில்லை. அதனால் கோபம் இன்னும் கூடிவிட்டது.

டிசம்பர் 5, வெள்ளி

தூறல். கணினி அறையில் மதிய இடைவேளை முழுவதும். சாப்பிடவில்லை.

கூரியர் நிறுவனத்தின் ஏ.பி.ஐ. விளக்கக் குறிப்பு எல்லோரும் படிக்கும்படி இணையத்திலேயே இருக்கிறது. ஆங்கிலம். அகராதியோடு உட்கார்ந்தேன். முகவரியைப் பதிவு செய்யும் பக்கத்தில் பதினான்காவது வரி: வாராந்திர விடுமுறை நாள். கட்டம் இருக்கிறது! காலியாக விட்டால் ஏழு நாளும் வேலை என்று எடுத்துக்கொள்ளுமாம்.

அத்தானுக்கு ஃபோன்.

“ஓ, அதுவா. அது கட்டாயமில்லாத கட்டம். விட்டுட்டேன்.”

அவன் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை கோலி விளையாடியதற்கு அம்மாவிடம் அடி வாங்கியவன். அவனே காலியாக விட்டிருக்கிறான். இப்போது நிரப்பி, முகவரியைப் புதிதாகப் பதிந்திருக்கிறான். பதில்: “சரிபார்ப்பில் உள்ளது. பத்து வேலை நாட்கள்.” அப்புறம் அனுப்பினால் எப்போது கிறிஸ்துமஸ் பலகாரம் போய்ச் சேரும்? நீக்குவதற்கு ஒரு நொடி. சேர்ப்பதற்குப் பத்து நாள்.

இதைவிட மோசம் சாயங்காலம். கோயம்புத்தூர் அம்மாள் ஒருவர், தமக்கு வந்த செய்தியை அப்படியே அம்மாவுக்கு அனுப்பியிருந்தார். “உங்கள் விற்பனையாளர் பொருளைத் தரத் தவறிவிட்டார்.” எங்கள் கடைப் பெயரைப் போட்டு. பதினோரு பேருக்கும் போயிருக்கிறது.

தரத் தவறிவிட்டாராம். பெட்டியெல்லாம் கட்டி, பெயர் ஒட்டி, தன் மழைக்கோட்டைப் போர்த்தி வைத்திருப்பவள். நனைந்துகொண்டே கடைக்குப் போய்வருபவள்.

அம்மா இரண்டு தடவை படித்தாள். மாவு அப்பிய விரல் திரையில் ஒட்டியது. “அப்பம் நான் ஏமாத்துக்காரி” என்றாள். அடுப்பை அணைத்துவிட்டாள். பயறு வறுக்க எடுத்ததைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள்.

டிசம்பர் 6, சனி

மழை இல்லை. பள்ளி இல்லை. சூப்பர்வைசருக்குச் சொல்ல வேண்டிய நாள்.

காலையில் நான் சொன்னேன்: பதினோரு பேருக்கும் நாமே ஃபோன் செய்வோம், தபாலில் அனுப்புவோம். அம்மா சம்மதித்தாள். “நான் என்னத்தப் பறைய? நீ எழுதித் தா.” மூன்று முறை திருத்தி, நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன்:

“வணக்கம். தாங்கள் கோரியிருந்த முந்திரிக்கொத்து, தவிர்க்க இயலாத காரணத்தால் தாமதமாகியுள்ளது. திங்கட்கிழமை அஞ்சல் வழியாக அனுப்பி வைக்கப்படும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.”

அம்மா நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். முதல் ஆள் பாதியில் வைத்துவிட்டார். இரண்டாவதும். மூன்றாவது ஒருவர், மனைவியிடம்போல, “ஏதோ கம்ப்யூட்டர் பேசுது” என்று சொல்லி வைத்தார்.

“ஏட்டி, இது நீ எழுதுனதா, அந்தக் கம்பெனிக்காரன் எழுதுனதா?”

காது சுட்டது. ஒரு வாரமாக நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

அம்மா தாளை என்னிடமே தந்துவிட்டு நான்காவது எண்ணை அழுத்தினாள்.

“அம்மா, நான் திருவட்டாறு பக்கத்துல இருந்து பேசுதேன். கொத்து செய்யிறது நாந்தான். அவனுவ ஞாயித்துக்கிழமை எடுக்க வாறதாட்டு இருந்திருக்கு, நாங்க சர்ச்சில இருந்தோம். அதாக்கும் காரியம். கொத்துக்கு ஒண்ணும் ஆவல்ல, மாசம் ஒண்ணு கெடாம இருக்கும். தபால்ல போடட்டா? ... ஆமா, கருப்பட்டிதான். ... உங்க மருமவளுக்கு எத்தன மாசம்?”

அந்த ஒரு அழைப்பு பத்து நிமிடம். வைத்த மூவருக்கும் மறுபடி செய்தாள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், ஒருவர் கொஞ்சம் கடுமையாக. ஒன்பது பேர் அனுப்பச் சொன்னார்கள். எல்லாரும் அம்மாவின் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள்.

அத்தான் ஃபோனில்: “தளத்துல தபால்னு ஒரு வழியே இல்லியே அத்தை.”

“அது உனக்க பாடு” என்றாள்.

நான் முகவரிகளை எழுதினேன். கையால், பெரிய எழுத்தில், ஊர்ப் பெயருக்கு அடிக்கோடு போட்டு.

ஐந்தரைக்கு சூப்பர்வைசர். அம்மா ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பெட்டிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“திங்களா சார்? திங்களு பற்றாது. எனக்கு தபாலாபீசுக்குப் போவணும்.”

அவர் ஏதோ கேட்டார்.

“இல்ல சார். செவ்வாயும் வரேல்ல.”