ஆணியில் ஒரு சாவி

ஞாயிறு, இரவு.

என் மகள் கவிதா மாலை ரயிலில் பெங்களூர் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள். மதியம் சாப்பிடும்போதும் அவள் கையில் ஒரு மாயக்கதைப் புத்தகம். எல்லாம் ஒரே மாதிரிதானே என்று சீண்டினேன்.

"இன்னாமா நீ! மத்த கதைல அந்த மாய உலகத்துலயே பொறந்து வளந்திருப்பாங்க. இதுல நம்ம மாதிரி ஒரு பொண்ணு, இங்கேருந்து ஒரு கதவத் தொறந்து அங்க போவா."

"அப்போ இங்க அவ அம்மா?"

"அம்மாவப் பத்தி யாருமா எழுதுவாங்க?" என்று சிரித்தாள்.

என் அப்பா வேலைக்குச் சுரங்கத்துக்குள் இறங்கும்போது தன் எண் பொறித்த டோக்கனை மேலே ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். அது தொங்கும்வரை ஆள் கீழே இருக்கிறார் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியும். கவிதா சொன்ன மாதிரி கதவு வைத்த கதைக்கு மட்டும்தான் இந்தப் பக்கம் அப்படி ஓர் ஆணி வேண்டும். அங்கேயே பிறந்தவர்களை இங்கே யார் தேடப்போகிறார்கள்?

கவிதா வீட்டுச் சாவியை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் அதைப் பார்த்தபோது ரயில் கிளம்ப நேரமிருந்தது, ஸ்டேஷனுக்கு ஓடிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வாசலோரம் ஆணியில் மாட்டிவிட்டேன்.